சத்தம் வராத நீச்சல்

ரெண்டு விரல் அகலம். அவ்வளவுதான் வித்தியாசம்.

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் உலக நீச்சல் சாம்பியன்ஷிப், ஆண்கள் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் பந்தயம். ஜெர்மனியின் லூக்காஸ் மார்ட்டென்ஸ் 3 நிமிடம் 42.35 விநாடி. ஆஸ்திரேலியாவின் சாம் ஷார்ட் 3 நிமிடம் 42.37 விநாடி. நான் பேங்க் குமாஸ்தா, கணக்குப் போடாமல் இருக்க மாட்டேன். விநாடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு 0.02 விநாடி என்பது மூணரை சென்டிமீட்டர். 50 மீட்டர் குளத்தை எட்டுத்தரம் கடந்து, ஏழுதரம் சுவரை உதைத்துத் திரும்பி, கடைசியில் ரெண்டு விரலில் தங்கம் போனது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2023-ல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த இதே பந்தயத்தில் இதே ஷார்ட்தான் இதே 0.02 விநாடியில் தங்கம் வாங்கினார். அவர் 3:40.68. அன்றைக்கு ரெண்டு விரலில் தோற்றவர் துனீசியாவின் அகமது ஹஃப்னாவி, 3:40.70. வாங்கிய கடனை வட்டியில்லாமல் திருப்பிக் கட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

இந்தப் பந்தயத்தை நான் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அக்கா மகனோடு செல்போனில் பார்த்தேன். அன்றைக்கே இல்லை, ரெண்டு மூணு நாள் கழித்து. பையனுக்கு 12 வயசு. அக்கா பட்டாசு ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். கை முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மின்னியது. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். ரெண்டு வாளிதான் இருந்தது. ஒரு வாளியை ராத்திரி சமையலுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற வாளியில் பாதியை மோந்து கை கால் கழுவினாள். செல்போனில் ஒரு குளம் நிறைய நீலத் தண்ணீர். மருமகன் ரெண்டையும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

தோழர்கள் கேட்பீர்கள். அதே ஜூலை மாதம் 1-ம் தேதிதான் சிவகாசி பக்கம் சின்னக்காமன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஆஸ்பத்திரியில் சாவு எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. அதைப் பற்றி எழுதாமல் வெள்ளைக்காரன் நீச்சலைப் பற்றித் தலையங்கமா என்று. நியாயமான கேள்வி. சாவைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். எழுத வைத்துக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை வேறொன்றைப் பற்றிப் பேச நினைக்கிறேன். சாகாமல் இருக்கிற உடம்பு என்ன செய்யலாம், அதை யார் செய்ய விடுவதில்லை என்பதைப் பற்றி.

முதலில் அந்தப் பேரைப் பாருங்கள். ஃப்ரீஸ்டைல். எந்த முறையில் வேண்டுமானாலும் நீந்திக்கொள் என்று அர்த்தம். விதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிதான் நீந்துகிறார்கள். கையை ஒன்று மாற்றி ஒன்று தலைக்கு மேலே தூக்கி வீசி, காலால் படபடவென்று அடித்து. அதுதான் வேகம் என்பதால். இந்த முறை எங்கிருந்து வந்தது? 1844-ல் லண்டனில் இருந்த நீச்சல் சங்கம் வட அமெரிக்கப் பூர்வகுடிகள் இரண்டு பேரைக் குளத்தில் இறக்கிப் போட்டி வைத்தது. 'பறக்கும் கடற்பறவை' என்று ஒருவருக்குப் பேர், 'புகையிலை' என்று இன்னொருவருக்கு. (வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்கு மொழிபெயர்த்துக்கொண்ட பேர்கள்.) அவர்கள் காற்றாலை மாதிரி கையைச் சுழற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்து லண்டன் பத்திரிகை முகம் சுளித்தது. இது ஐரோப்பிய நாகரிகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதது என்று எழுதியது. கனவான்கள் தவளை மாதிரி, தலையை நிமிர்த்தி, சத்தமில்லாமல், தண்ணீர் தெறிக்காமல் நீந்துவார்கள். அதுதான் கௌரவம். வேகமாகப் போனவன் காட்டான்.

பிறகு என்ன நடந்தது? 1873-ல் டிரட்ஜன் என்கிற ஆங்கிலேயர் தென்னமெரிக்காவில் பார்த்த பூர்வகுடிகளின் கைவீச்சை இங்கிலாந்தில் நீந்திக் காட்டினார். அந்த முறைக்கு அவர் பேரே வந்தது, சொல்லிக்கொடுத்தவர்கள் பேர் வரவில்லை. 1900-ஐ ஒட்டி சாலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்காம் என்ற பையன் தன் ஊர்க் கடலில் நீந்துகிற மாதிரியே அங்கேயும் நீந்தினான். அது 'ஆஸ்திரேலிய கிரால்' ஆனது. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹவாய்த் தீவின் டியூக் கஹனமோக்கு 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதற்குப் பிறகு அதை யாரும் அநாகரிகம் என்று சொல்லவில்லை. பறையை இழிவு என்று சொல்லிவிட்டு, பிறகு சபாவில் வைத்துக் கைதட்டுகிறார்களே, அந்தக் கதைதான். அடிபட்டவனின் கலை ஜெயித்துக் காட்டுகிற வரைக்கும் அசிங்கம். ஜெயித்த பிறகு எல்லோருக்கும் பொது. பொது ஆனபின் அவனுக்கு அங்கே இடமில்லை.

இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

விருதுநகர் ஜில்லா வானம் பார்த்த கரிசல் பூமி. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. அதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேர் பிடித்தன. கலந்த மருந்துக்கு ஈரம் ஆகாது. அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் சூடேறும், சூடேறினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். மிச்ச மருந்தை ராத்திரி அறையில் வைக்கக்கூடாது என்பது அதனால்தான். தண்ணீர் இல்லாத இடம் என்பதே இங்கே முதலீடு. நாக்பூர் லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இப்படிப்பட்ட பூமியில் தண்ணீர் என்றால் கிணறு. அறுபது அடி, எழுபது அடி, பாறையை வெடி வைத்துத் தகர்த்து வெட்டிய கிணறு. வெட்டியது யார்? எங்கள் தாத்தாக்கள். தூர் வாரினது யார்? எங்கள் ஆட்கள். மாடு தவறி விழுந்தால் கயிறு கட்டி இறங்குவது யார்? அதுவும் நாங்கள்தான். இத்தனைக்கும் இறங்கலாம். குளிக்க மட்டும் இறங்கக்கூடாது.

சம்சாரி வீட்டுப் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, பிறகு லாரி ட்யூபைப் போட்டுக்கொண்டு நீச்சல் பழகுவார்கள். பம்பு செட் மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வார்கள். தண்ணீர் மேலே வந்து படிக்கட்டை நனைக்கும். எங்கள் தெருப் பையன்கள் தூரத்தில் ஆட்டை மேய விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

எங்கள் பெரியப்பா ஒருத்தர் இருந்தார். சுத்துப்பட்டி ஏழெட்டு ஊருக்கும் அவர்தான் முங்கு நீச்சல்காரர். எந்தக் கிணற்றில் யார் விழுந்து செத்தாலும் தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்னால் பெரியப்பாவுக்கு ஆள் வரும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது பெரிய சம்சாரி வீட்டுப் பையன் ஒருத்தன் கிணற்றில் விழுந்துவிட்டான். பெரியப்பாவைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர் சைக்கிளில் உட்கார்ந்து அந்தத் தெருவுக்குள் போனது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. மூணுதரம் முங்கினார். மூணாவது முங்கில் பையனோடு வந்தார். உயிர் இல்லை. அந்தத் தாய் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த வீட்டுத் துக்கத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. பெரியப்பாவும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து அந்தக் கிணற்றில் மூணு நாள் மோட்டார் ஓடியது. தண்ணீர் முழுதும் இறைத்து வெளியே விட்டார்கள். கோமியம் தெளித்தார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். எதற்கு மூணு நாள் என்று நான் பெரியப்பாவிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பொணம் கிடந்ததுக்கு ரெண்டு நாளு, நான் இறங்குனதுக்கு ஒரு நாளுடா."

சரி, கிணற்றில் இறங்கவே கூடாத ஆளுக்கு எப்படி நீச்சல் வந்தது? ராத்திரியில். எங்கள் ஆட்களில் அந்தத் தலைமுறையில் நீந்தத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ராத்திரியில்தான் பழகியிருக்கிறார்கள். நிலா இல்லாத நாளாகப் பார்த்து, துணியைக் கழற்றி வேலிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்தபடியே நழுவி இறங்குவார்கள். குதிக்க முடியாது, சத்தம் கேட்டுவிடும். கையைத் தூக்கி அடிக்க முடியாது, சத்தம் கேட்டுவிடும். கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, காலைத் தண்ணீருக்குள்ளேயே மடக்கி, மூச்சைக்கூட மெதுவாக விட்டு நீந்த வேண்டும். சம்சாரி பம்பு செட் ரூமில் படுத்திருப்பார். எனக்குப் பெரியப்பா சொல்லிக்கொடுத்தது இந்த நீச்சலைத்தான். "கை மேல வரப்படாது. மேல வந்தா வெளுத்துருவாக" என்பார்.

லண்டன் கனவான் சத்தமில்லாமல் நீந்தினார். அது அவருக்குக் கௌரவம். பெரியப்பா சத்தமில்லாமல் நீந்தினார். அது உயிர்ப் பயம். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே நீச்சல்தான். இதை யோசிக்க யோசிக்க எனக்கு ராத்திரித் தூக்கம் வருவதில்லை.

1994-ல் குற்றாலீஸ்வரன் என்ற தமிழ்ச் சிறுவன் ஆங்கிலக் கால்வாய் உட்பட நீரிணைகளை நீந்திக் கடந்தபோது டீக்கடையில் பேப்பர் வாசிக்க, வெளியே நின்று கேட்ட பெரியப்பா கேட்ட ஒரே கேள்வி: "கடலுக்குச் சொந்தக்காரன் யாரும் கிடையாதுல்ல?"

கடலுக்கும் ஏரிக்கும்கூடக் கோடு போட்டவர்கள் உண்டு என்பதைப் பெரியப்பாவிடம் சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. 1919 ஜூலை 27. (தேதியைக் கவனியுங்கள். சிங்கப்பூர்ப் பந்தயத்துக்குச் சரியாக 106 வருஷத்துக்கு முன்னால்.) அமெரிக்காவின் சிகாகோ நகரம், மிச்சிகன் ஏரி. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் கட்டையால் செய்த மிதவையில் நண்பர்களோடு மிதந்துகொண்டிருந்தான். கரையில் இது கறுப்பர் பகுதி, அது வெள்ளையர் பகுதி. தண்ணீரில் கோடு ஏது? மிதவை தானாக அந்தப் பக்கம் ஒதுங்கியது. ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், அதில் 23 பேர் கறுப்பர்கள். 1964-ல் ஃப்ளோரிடாவில் ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் அவர்களோடு வந்த வெள்ளைத் தோழர்களும் இறங்கியபோது அதன் மேலாளர் குளத்தில் ஆசிட்டை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. நம்முடைய கோமியம், அவர்களுடைய ஆசிட்.

நமக்கு மகாட் இருக்கிறது. சவதார் குளத்தைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்துவிட 1924-லேயே நகராட்சி தீர்மானம் போட்டுவிட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் அவர்களிடம் இருந்தது. 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு 108 குடம் பஞ்சகவ்யத்தை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. ஒரு மடக்குத் தண்ணீருக்குப் பத்து வருஷம். அந்த ஞாபகத்தில்தான் அரசியல் சட்டத்தில் 15-வது பிரிவில் கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பேர் சொல்லியே எழுதினார்கள் என்று நான் நினைக்கிறேன். அரசுப் பணத்தில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுகிற கிணற்றில் சாதி பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது. சம்சாரி இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். "இது என் பட்டாக் கிணறு." சரி, ஐயா. உங்கள் கிணற்றுக்கடன் விண்ணப்பம் என் மேசை வழியாகத்தான் போனது. மானியம் கழித்து மிச்சத்தைத்தான் கட்டினீர்கள். மோட்டார் ஓடுகிற மின்சாரம் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. அதில் எங்கள் அக்கா வாங்குகிற தீப்பெட்டி வரியும் இருக்கிறது. 'பகுதியாக' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வக்கீல் தோழர் யாராவது கோர்ட்டில் கேட்டால் தேவலை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது, அதே குடியிருப்பைச் சேர்ந்த 3 பேர் மேலேயே. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்கே இந்தக் கதி. இதில் நீந்துகிற தண்ணீரைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமா? நான் அப்படி நினைக்கவில்லை. தாகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை அவர்கள் தர்மமாகச் செய்துவிடுவார்கள், தூக்கி ஊற்றிக் கையேந்தச் சொல்லி. தண்ணீரில் சும்மா மிதப்பது, விளையாடுவது, சத்தம் போட்டுக் குதிப்பது, இதைத்தான் அவர்களால் பொறுக்க முடியாது. உழைக்காமல் ஒரு பள்ளன் உடம்போ பறையன் உடம்போ சக்கிலியன் உடம்போ சந்தோஷமாக இருப்பதை.

விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் ஒரு கேள்வி கேட்பார்கள். நூறு கோடிக்கு மேல் ஜனம் இருந்தும் நீச்சலில் ஏன் ஒரு மெடல் இல்லை? ஒலிம்பிக்கிலும் சரி, உலக சாம்பியன்ஷிப்பிலும் சரி, குளத்து நீச்சலில் இந்தியா இதுவரை ஒரு பதக்கமும் வாங்கியதில்லை. ஆசிய விளையாட்டில் 1951-ல் சச்சின் நாக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். அதன்பின் 1986-ல் கஜான் சிங் வெள்ளி, 2010-ல் விர்தவால் காடே வெண்கலம், 2014-ல் சந்தீப் செஜ்வால் வெண்கலம். பயிற்சி போதாது, குளம் போதாது, புரோட்டீன் போதாது என்று காரணம் அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நாட்டில் பாதிப் பேரைத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குள் இறங்கவிடாமல் வைத்திருந்தோமே என்று ஒருத்தராவது எழுதி நான் வாசித்ததில்லை.

400 மீட்டர் என்பது சின்னப் பந்தயமும் இல்லை, பெரிய பந்தயமும் இல்லை. நூறு மீட்டர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்விட முடியாது. ஆயிரத்தைநூறு மாதிரி சீராக அளந்து போகவும் முடியாது. முதல் இருநூறில் வேகத்தைக் காட்டினால் கடைசி நூறில் தோளும் தொடையும் தீப்பிடித்த மாதிரி எரியும். அந்த எரிச்சலைத் தாங்கப் பழகுவதற்கு ஏழெட்டு வயதிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். விடியற்காலம் நாலரை, ஐந்து மணிக்கு எழுப்பிக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

விடியற்காலம். எங்கள் அக்காவையும் எட்டு வயதில் அந்த நேரத்துக்குத்தான் எழுப்பினார்கள். தீப்பெட்டிக் கம்பெனி பஸ் நாலு மணிக்கு ஊர் முக்கில் ஹார்ன் அடிக்கும். தூக்கத்திலேயே பாவாடையைக் கட்டிவிட்டு, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கும். சாயங்காலம் இருட்டின பிறகுதான் இறக்கிவிடுவார்கள். 1996 டிசம்பர் 10-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றபோது அக்காவுக்கு வயது 15. குழந்தைக் கணக்கிலிருந்து அவள் ஏற்கெனவே தப்பிவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை குச்சிக் கட்டை அடுக்கினாள் என்று யாரோ எண்ணினார்கள். கூலிக்காக எண்ணினார்கள். அவ்வளவு வேகம் அந்த விரல்களுக்கு. விநாடியில் நூறில் ஒரு பங்கை அளக்கிற கடிகாரம் அங்கே யாரிடமும் இல்லை.

கடிகாரம் என்றதும் ஒரு தகவல். 400 மீட்டரில் இயான் தார்ப் 2002-ல் 3:40.08 நீந்தினார். 2009-ல் பால் பீடர்மான் 3:40.07. அதுவும் ரப்பர் மாதிரி உடம்பை இறுக்கிப் பிடிக்கிற பாலியூரித்தேன் உடை போட்டுக்கொண்டு. அந்த உடையை 2010-லிருந்து தடை செய்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில்தான் மார்ட்டென்ஸ் அதை 3:39.96 ஆக்கினார். 23 வருஷத்தில் 0.12 விநாடி! எத்தனை கோடிப் பணம், எத்தனை விஞ்ஞானிகள். நான் இதைக் கேலி செய்யவில்லை. மனித உடம்பின் மேல் இத்தனை அக்கறை எடுக்க முடியும் என்று தெரிந்துகொள்வது நல்லது. வெடிமருந்து அறையில் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கும் அதில் ஒரு பங்கு கேட்பதற்காகத்தான்.

ஹஃப்னாவியைப் பற்றிக் கொஞ்சம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருக்கு 18 வயது. தகுதிச் சுற்றில் எட்டாவதாக வந்து, ஒன்பதாவது ஆளை 0.14 விநாடியில் முந்தி இறுதிக்குள் நுழைந்தார். வேகமானவனுக்கு நடுத்தடம், வேகம் குறைந்தவனுக்கு ஓரத்தடம் என்பது விதி. அவருக்குக் கிடைத்தது எட்டாவது தடம், சுவரை ஒட்டி. கேமராகூட நடுவில்தான் பார்க்கும். அங்கிருந்து 3:43.36-ல் தங்கம். நம் தோழர்கள் சிலர் அப்போது இதைக் கொண்டாடிக் கவிதை எழுதினார்கள். நானும் எழுதினேன். இப்போது வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. ஓரத்தடம் சேரியும் இல்லை, துனீசியக்காரர் தலித்தும் இல்லை. எட்டாவது தடத்துக்கும் அதே 50 மீட்டர், அதே தண்ணீர், அதே கடிகாரம். நமக்கு அந்தத் தடமே கிடையாது. பிற்பாடு அவர் பரிசோதனைக்காரர்களுக்குத் தான் இருக்கும் இடத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்ற விதிமீறலுக்காகத் தடையும் பெற்றார். சிங்கப்பூரில் அவர் இல்லை. அவர் நாட்டுக்காரரான இன்னொரு அகமது, அகமது ஜவாதி, அங்கே 800, 1500 ரெண்டிலும் தங்கம் வாங்கினார். அதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இவர்களைவிட ஆண்டனி நெஸ்டிதான் முக்கியம். தென்னமெரிக்காவில் சூரினாம் என்ற சின்ன நாடு. 1988 சியோலில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் அமெரிக்காவின் பியாண்டியை 0.01 விநாடியில் தோற்கடித்தார். கறுப்பின ஆண் ஒருவர் நீச்சலில் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கறுப்பர்களுக்கு எலும்பு கனம், அவர்கள் மிதக்க மாட்டார்கள் என்று 'விஞ்ஞானம்' பேசிக்கொண்டிருந்த வாய்கள் கொஞ்ச நாள் மூடியிருந்தன. ஆனால் நெஸ்டி பதக்கத்தோடு நிற்கவில்லை. ஃப்ளோரிடாவில் பயிற்சியாளர் ஆனார், ஆசிட் ஊற்றிய அதே மாநிலத்தில். ஹஃப்னாவி ஜெயித்த டோக்கியோப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கிய கீரன் ஸ்மித் அவரிடம் பழகியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்கே அவர்தான் தலைமைப் பயிற்சியாளர்.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது நான். கைவிட்ட கல்குவாரிக் குட்டையில், ஞாயிற்றுக்கிழமைகளில். அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். லீவு நாளில் குவாரிக் குட்டையிலும் கண்மாயில் மண் அள்ளிய பள்ளத்திலும் மூழ்கிச் சாகிற பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று பேப்பரைப் பார்த்தால் தெரியும். வேறு இடம் இல்லை. டவுனில் ஒரு தனியார் நீச்சல் குளத்துக்குப் போனோம். ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார் அந்த மேனேஜர். ஊர்ப் பேருக்கு முன்னால் காலனி என்று இருந்தது. "பேட்ச் ஃபுல் சார், அடுத்த மாசம் பாருங்க." அடுத்த மாதம் போனோம். அப்போதும் ஃபுல். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் தன் பையனுக்கு ரசீது வாங்கிக்கொண்டு போனார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகினவன் நான், 'சிஸ்டம் டவுன்' என்று எப்போது சொல்லுவோம் என்று எனக்குத் தெரியும். வரும் வழியில் பையன் கேட்டான், "மாமா, ஃபுல்லுன்னா எவ்வளவு பேரு?" அவன் கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தலையங்கம் எழுதுகிறேன். அன்றைக்கு நான் ஏன் சண்டை போடவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்வதற்காகவும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பணத்தைக் கட்டினால் விட்டார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. பையன் முதல்தடவையாக அடி தெரிகிற தண்ணீரைப் பார்த்தான். இறங்கி நீந்தினான். அங்கிருந்த பயிற்சியாளர், நல்ல மனுசர், கொஞ்ச நேரம் கரையோடு நடந்து வந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "மூச்சு நல்லா இருக்கு சார் பையனுக்கு. ஆனா ஏன் கையை வெளிய எடுக்கவே மாட்டேங்கிறான்? யாரோ திருடிட்டுப் போற மாதிரி நீந்துறான். யாரு சொல்லிக்கொடுத்தது?"

நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல? ராத்திரிக் கிணறு, பம்பு செட் ரூம், வெளுத்துருவாக, பெரியப்பா. மூணு தலைமுறை தாண்டி, சம்சாரி செத்து, அந்தக் கிணறே வற்றி முள் மண்டிக் கிடக்கிறது. பையனின் கை மட்டும் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சியாளர் குனிந்து அவன் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இப்படி எடுத்து அடி. நல்லா அடி. தண்ணி தெறிக்கட்டும்." பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

வாரா வாரம் மதுரைக்குப் பஸ் செலவு, குளத்துக் கட்டணம், ஒரு நாள் சாப்பாடு. என் சம்பளத்தில் ஒரு பையனுக்கு முடியும். தெருவில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு கோரிக்கையாக வைக்கிறோம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒவ்வொன்றிலும் அரசு செலவில் பொது நீச்சல் குளம் வேண்டும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல். தண்ணீர்ப் பஞ்சத்தில் நீச்சல் குளமா என்று கலெக்டர் ஆபீசில் கேட்பார்கள். தனியார் குளத்துக்கு லாரி லாரியாகத் தண்ணீர் போகும்போது அந்தப் பஞ்சம் எங்கே போனது என்று திருப்பிக் கேளுங்கள். அது வரும் வரைக்கும், ஊராட்சிப் பணம் போட்டுத் தூர் வாரிய ஒவ்வொரு ஊருணியும் கிணறும் எது எது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். வாங்கின பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பகலில் போய் இறங்குவோம்.

வாசகத் தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், வயசான ஆண்களிடமும் பெண்களிடமும் கேளுங்கள். நீச்சல் தெரியுமா, எங்கே பழகினீர்கள், எந்த நேரத்தில், யாருக்குத் தெரியாமல். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது என்பது அவள் செத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பேர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். ஒரு பக்கம் போதும், பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள், திருத்த மாட்டோம். பொங்கல் இதழில் அத்தனையையும் சேர்த்து வெளியிடுகிறோம். தபால் விலாசம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.